காய்ச்சல் போய் எட்டு மாதம், மூட்டு வலி மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு வயது 46. பூக்கட்டுவது தொழில். எட்டு மாதத்துக்கு முன்னால் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் நாலைந்து நாளில் விட்டுவிட்டது. ஆனால் விரல், மணிக்கட்டு, கணுக்கால் வலி இன்னும் விடவில்லை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது, நாரில் முடிச்சுப் போட வராது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கிருமி இல்லை, வாதமும் இல்லை, எல்லாம் நார்மல் என்றார்கள். கிருமியே இல்லையென்றால் வலி எங்கிருந்து வருகிறது? எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று தெரிந்தவர்கள் ஒரு பவுடரை வாங்கிக் குடிக்கச் சொல்கிறார்கள். விலை அதிகம். மெடிக்கலில் 'செட்' மாத்திரை வாங்கிப் போட்டால் அன்றைக்கு வேலை ஓடுகிறது. விட்டால் வலி இரண்டு மடங்காகிறது. அதே வாரம் காய்ச்சல் வந்த என் நாத்தனார் பத்தே நாளில் எழுந்துவிட்டாள். "உனக்கு மனசுலதான் வலி" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது, டாக்டர்.

வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களை நேரில் பார்க்காமல் நோயை முடிவு செய்ய மாட்டேன். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள், குறிப்பாகக் காலையில் ஒரு மணி நேரம் விரல் இறுகிப்போவது, மனதால் வருகிறவை கிடையாது. பெரும்பாலும் மூட்டுக்குள் அழற்சி நடந்தால்தான் இப்படி இறுகும். உங்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்பதும் சரியில்லை. கிருமியை அழிக்க மூட்டுக்குள் வந்த எதிர்ப்பு செல்கள், வந்த வேலை முடிந்த பிறகும் கலைந்து போகாமல் அங்கேயே தங்கியிருக்கின்றன. வலியைக் கிளப்பியதும் அவைதான், எட்டு மாதமாக அதை அணையவிடாமல் வைத்திருப்பதும் அவைதான். அதனால் பவுடர் வாங்க வேண்டாம். அந்தப் பணம் உங்களுக்குப் பரிசோதனைக்கு ஆகும்.

உங்களைப் போல எழுதுகிறவர்கள் நிறையப் பேர். சிக்குன்குனியா 1952-ல் இன்றைய தான்சானியாவில் முதலில் அடையாளம் காணப்பட்ட நோய். 1963-ல் கொல்கத்தாவிலும் 1964-ல் சென்னையிலும் பரவியது. பிறகு பல வருடம் பெரிதாகத் தலைகாட்டாமல் இருந்து, 2005 கடைசியில் மறுபடி கிளம்பியது. 2006-ல் மட்டும் இந்தியாவில் 13 லட்சம் பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் வந்திருக்கலாம் என்று கணக்கு. ஊர் ஊராக ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த வருடம் உங்களுக்கும் நினைவிருக்கும். அப்போது வந்தவர்களில் பலருக்கு மூட்டு வலி மாதக் கணக்கில் நீடித்தது, சிலருக்கு வருடக் கணக்கில். மூன்று மாதம் தாண்டியும் வலி இருந்தால் அதை நாள்பட்ட நிலை என்று மருத்துவர்கள் கணக்கில் வைக்கிறார்கள். நீங்கள் அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்.

சரி, வலி எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். இது தெரிந்தால்தான் எந்த மருந்து எதற்கு என்பது விளங்கும்.

மூட்டைச் சுற்றி உள்பக்கமாக ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. மூட்டு வழுக்கிக்கொண்டு அசைவதற்கான நீரைச் சுரப்பது அதுதான். அந்தச் சவ்வில் எப்போதுமே சில எதிர்ப்பு செல்கள் குடியிருக்கும். அவற்றில் முக்கியமானவை மேக்ரோஃபேஜ் என்கிற செல்கள். கிருமியையும் செத்த செல்களையும் விழுங்கிச் சுத்தம் செய்வது இவற்றின் வேலை. கொசு கடித்து உள்ளே போன வைரஸ் மூட்டுச் சவ்வையும் தசையையும் தாக்கியதும், இவை ரத்தத்திலிருந்து இன்னும் ஆயிரக்கணக்கான செல்களை அங்கே வரவழைக்கின்றன. வந்தவையும் இருந்தவையும் சேர்ந்து பல வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, புரோஸ்டாகிளாண்டின் என்று அவற்றுக்குப் பெயர். வைரஸை அடக்க இந்த ஏற்பாடு வேண்டும். ஆனால் அதே சவ்வில் வலி உணரும் நரம்பு நுனிகளும் இருக்கின்றன. கொட்டப்பட்ட பொருள்கள் அந்த நுனிகளிலும் போய் ஒட்டுகின்றன.

ஒட்டினால் என்ன ஆகும் என்பதை ஒரு நுனியை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்கிறேன். வலி நரம்பின் நுனியில் டி.ஆர்.பி.வி.1 என்றொரு வாசல் இருக்கிறது. மிளகாயின் காரம் பட்டால் திறப்பதும் இதே வாசல்தான். மிளகாய் அரைத்த கை தீப்பட்டதுபோல எரிவது அதனால்தான். 1997-ல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் இதைக் கண்டுபிடித்தார், 2021-ல் நோபல் பரிசு பெற்றார். சாதாரணமாக 43 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு மேல் போனால்தான் இந்த வாசல் திறக்கும். எதிர்ப்பு செல்கள் சுரக்கும் பொருள்கள் நரம்பில் ஒட்டியதும் அந்த அளவு கீழே இறங்கிவிடுகிறது. உடம்பின் சொந்தச் சூடே போதும் என்ற நிலைக்கு வந்துவிடும். அசைவையும் அழுத்தத்தையும் உணரும் நரம்புகளுக்கும் இதே கதைதான். நீங்கள் வாழைநாரை விரலில் சுற்றி இழுக்கிறபோது மூட்டில் விழும் அழுத்தம் முன்பு இருந்த அதே அழுத்தம்தான். ஆனால் நரம்பு இப்போது அதற்கே வலி என்று சேதி அனுப்புகிறது.

காலையில் மட்டும் ஏன் அவ்வளவு மோசம் என்று கேட்பீர்கள். இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் ரத்தத்தில் இரவின் பின்பாதியிலும் விடியலிலும் கூடுதலாக இருக்கும். அதோடு ராத்திரி முழுக்க மூட்டு அசையாமல் கிடப்பதால் நீர் கோத்துக்கொள்ளும். எழுந்து கையை ஆட்ட ஆட்டத் தளர்கிறது.

வலி மாத்திரை வேலை செய்வதும் இந்த வழியில்தான். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971-ல் இங்கிலாந்தில் ஜான் வேன் காட்டினார். ஆனால் அந்த மாத்திரைகள் தடுப்பது பட்டியலில் ஒரு பொருளை மட்டும். மற்றவை சுரந்துகொண்டேதான் இருக்கும். மாத்திரையின் வேகம் தீர்ந்ததும் வலி திரும்ப வருவது அதனால்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நரம்பு சேதியை மூளைக்கு மட்டும் அனுப்புவதில்லை. எரிச்சலடைந்த நரம்பு நுனி தானே சில பொருள்களைச் சவ்வுக்குள் விடுகிறது. சப்ஸ்டன்ஸ் பி என்பது அதில் ஒன்று, 1931-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. அது ரத்தக் குழாயை விரித்து, பக்கத்திலிருக்கும் எதிர்ப்பு செல்களை மறுபடி உசுப்பிவிடும். செல் நரம்பை உசுப்ப, நரம்பு செல்லை உசுப்ப, இது சுற்றிச் சுற்றி வரும். கோயில் விழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், யாரும் பேசாதபோதும் கூவிக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி. தொடங்கி வைத்த சத்தம் எப்போதோ நின்றிருக்கும்.

"கிருமியே இல்லையென்றால்" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு ஆராய்ச்சியாளர்களே இரண்டு விதமான விடைகளைக் கண்டிருக்கிறார்கள். 2005-06-ல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் மூன்றில் ஒருவருக்குச் சிக்குன்குனியா வந்தது. அங்கே ஒன்றரை வருடமாக வலியோடு இருந்த ஒருவரின் மூட்டுச் சவ்வை எடுத்துப் பார்த்தபோது, மேக்ரோஃபேஜ் செல்களுக்குள் வைரஸின் மிச்சம் கிடந்தது. கொலம்பியாவிலோ, நோய் வந்து ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்தும் மூட்டு வலி தீராதவர்களின் மூட்டு நீரில் வைரஸைத் தேடினார்கள். யாரிடமும் அகப்படவில்லை. அழற்சி மட்டும் இருந்தது. ஆக, சிலருக்கு மிச்சம் மீதி இருந்து செல்களைச் சீண்டிக்கொண்டிருக்கலாம். பலருக்குச் சீண்ட ஆளே இல்லாமல் செல்கள் தாமாக வேலையைத் தொடர்கின்றன. சிங்கப்பூரில் எலிகளில் செய்த ஒரு ஆய்வு இதை இன்னும் துலக்கியது. டி செல்கள் என்பவை வெள்ளையணுக்களில் ஒரு பிரிவு. அவற்றில் ஒரு வகை இல்லாத எலிகளுக்கு இந்த வைரஸைச் செலுத்தினார்கள். வைரஸ் உடம்பில் பெருகியது, ஆனால் பாதம் வீங்குவது வெகுவாகக் குறைந்துவிட்டது. வீக்கத்தில் பெரும்பங்கு வைரஸ் செய்தது இல்லை, அதை எதிர்க்க வந்த செல்கள் செய்தது.

நாத்தனாருக்குச் சரியாகிவிட்டதே என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். 45 வயதுக்கு மேற்பட்டவர்கள், பெண்கள், முதல் வாரத்திலேயே வலி கடுமையாக இருந்தவர்கள், முன்பே மூட்டுத் தேய்மானம் இருந்தவர்கள் ஆகியோருக்கு நீடிக்கும் வாய்ப்பு கூடுதல் என்று பல நாடுகளின் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஒரே கொசு இரண்டு பேரைக் கடித்தாலும் இரண்டு பேரின் எதிர்ப்பு செல்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. உங்கள் நாத்தனாருக்கு நல்லபடியாக அடங்கிவிட்டது. உங்களுக்கு அடங்கவில்லை. இதில் உடம்பு பலம், மன உறுதி என்று எதுவும் இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்காரருக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். வீக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை, ரத்தம் நார்மல், அப்புறம் எப்படி வலிக்கும் என்பதுதான் அவர் சந்தேகம். 2011-ல் ஜெர்மனியில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. முடக்குவாதம் (எதிர்ப்பு செல்கள் சொந்த மூட்டையே தாக்கும் நோய்) உள்ள சிலருக்கு டி.என்.எஃப். என்ற பொருளை மட்டும் கட்டிப்போடுகிற ஊசி மருந்தைக் கொடுத்து, மருந்துக்கு முன்னும் பின்னும் ஸ்கேனில் அவர்களின் மூளையைப் பார்த்தார்கள். மூட்டை அழுத்தும்போது மூளையில் வலியைப் பதிவு செய்யும் பகுதிகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதைப் பார்க்கும் ஸ்கேன் அது. 24 மணி நேரத்துக்குள் மூளையின் அந்த வேலை குறைந்துவிட்டது. மூட்டின் வீக்கம் அப்போது மாறவே இல்லை, அதற்கு வாரங்கள் ஆகும். வீக்கம் அப்படியே இருக்க வலி குறைகிறது என்றால், வலியும் வீக்கமும் கூடவே ஏறி இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எதிர்ப்பு செல்கள் சுரக்கும் ஒரு பொருள் நேராக நரம்போடு பேசுகிறது. அந்தப் பேச்சு வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக ஒரு மனுஷியின் வலியை இல்லை என்று சொல்வது நியாயமே இல்லை. பெண்களின் மூட்டு வலியை மனசு என்று ஒதுக்குவதை என் தொழிலில் உள்ளவர்களும் செய்திருக்கிறார்கள், இன்றும் சிலர் செய்கிறார்கள். அது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

இதை ஒட்டி ஒன்று. வலி பற்றிய எலி ஆராய்ச்சிகளில் வெகுகாலம் ஆண் எலிகளைத்தான் பெரும்பாலும் வைத்தார்கள். 2015-ல் கனடாவில் இரு பாலையும் வைத்துப் பார்த்தார்கள். நரம்புக் காயத்தால் வரும் வலியை ஆண் எலிகளில் மைக்ரோக்ளியா என்ற செல்கள் நீட்டித்து வைத்திருந்தன. பெண் எலிகளிலோ அந்த செல்களை அடக்கியும் வலி குறையவில்லை. அங்கே வேலை செய்தது டி செல்களாக இருக்கும் என்று ஆய்வு காட்டியது. வலி அதே அளவு, ஆனால் அதைச் சுமக்கும் செல்கள் வேறு. மனிதர்களில் இது எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல இன்னும் ஆய்வு வேண்டும். ஆனாலும் பாதிப் பேரை விட்டுவிட்டுச் செய்த ஆராய்ச்சியை வைத்து எல்லோருக்கும் மருந்து எழுதிக்கொண்டிருந்தோம் என்பது இதில் தெரிகிறது.

மைக்ரோக்ளியா என்று சொன்னேன் அல்லவா, அது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய பெயர். தண்டுவடத்திலும் மூளையிலும் குடியிருக்கும் எதிர்ப்பு செல்கள் அவை. மூட்டிலிருந்து வலிச் சேதி வாரக்கணக்கில் ஓயாமல் வந்துகொண்டிருந்தால், சேதி வந்து சேரும் தண்டுவடப் பகுதியில் இந்த செல்கள் விழித்துக்கொண்டு, அங்கேயும் இன்டர்லூகின்-1 போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. அதனால் தண்டுவட நரம்பு செல்கள் சின்னச் சேதியையும் பெரிதாக்கி மூளைக்கு அனுப்பும். விலங்குகளில் தெளிவாகக் காட்டப்பட்ட விஷயம் இது. இந்த நிலை வந்துவிட்டவர்களுக்கு மூட்டு அழற்சி அடங்கின பிறகும் வலி மிஞ்சும். வலிக்கும் மூட்டைத் தாண்டி முன்கை, தோள், முதுகு என்று பரவும். தூக்கம் கெடும், அசதி விடாது. உங்களுக்கு அப்படிப் பரவியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மருத்துவரிடம் போகும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை இதைப் பொறுத்து மாறும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எதிர்ப்பு செல்களே வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். வலியை அணைப்பதும் அவைதான். சுத்தம் செய்து முடித்த மேக்ரோஃபேஜ்கள் குணம் மாறி, இன்டர்லூகின்-10 போன்ற அமைதிப்படுத்தும் பொருள்களைச் சுரக்கத் தொடங்கும். டி செல்களிலும் ஒரு பிரிவுக்குச் சண்டையை நிறுத்துவதுதான் வேலை. 2022-ல் கனடாவிலிருந்தே இன்னொரு ஆய்வு வந்தது. புதிதாக முதுகு வலி வந்தவர்களில், தொடக்கத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் சுறுசுறுப்பாக வேலை செய்தவர்களுக்கு மூன்று மாதத்தில் வலி தீர்ந்திருந்தது. அந்தச் சுறுசுறுப்பு இல்லாதவர்களுக்கு வலி தங்கிவிட்டது. எலிகளில் ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டோ டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையோ கொடுத்தபோது வலி அப்போதைக்குக் குறைந்து, மொத்தத்தில் நீண்ட நாள் இழுத்தது. இந்தச் செய்தி வெளியானதும் வலி மாத்திரையே விஷம் என்று சிலர் பரப்பினார்கள். அப்படிச் சொல்ல அந்த ஆய்வு இடம் தரவில்லை. அது புதிய முதுகு வலி பற்றியது. எட்டு மாதமாக அடங்காத உங்கள் அழற்சியை அப்படியே விட்டுவைத்தால் தானாகக் குணமாகிவிடும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: எந்த மருந்தை எப்போது, எத்தனை நாள் என்பதை யோசித்துக் கொடுக்க வேண்டும்.

அந்த யோசனை கொஞ்சமும் இல்லாத சமாசாரம்தான் 'செட்' மாத்திரை. அடுத்த முறை வாங்கும்போது துண்டு துண்டாக வெட்டிய பட்டையின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். வழக்கமாக மூன்று இருக்கும். ஒன்று டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை. இன்னொன்று வயிற்றெரிச்சலுக்கு. மூன்றாவதாக ஒரு பொடி மாத்திரை, சிறியதாக, பட்டையில் பெயர் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அது பெரும்பாலும் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் ஆகியவற்றில் ஒன்று. மூன்றுமே ஸ்டீராய்டு. நான் மேலே சொன்ன பொருள்கள் பலவற்றையும் ஒரே அடியில் நிறுத்துவது அந்தச் சின்ன மாத்திரைதான். அன்றைக்கு நீங்கள் மல்லிகையைச் சரசரவென்று கட்டிவிடுவது அதனால். மாத்திரை நின்றதும் செல்கள் விட்ட இடத்தில் தொடங்குகின்றன, வலி இரட்டிப்பாகத் தெரிகிறது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. குறைந்த அளவில், குறிப்பிட்ட வாரங்களுக்கு, படிப்படியாகக் குறைத்து முடிக்கும் திட்டத்தோடு நாங்களும் எழுதுகிறோம். கணக்கில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கண்ணில் புரை விழும். கூட வரும் வலி மாத்திரை சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். ஆனால் இதைப் படித்த பயத்தில் நாளைக்கே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் போட்டிருந்தால், உங்கள் உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரப்பதைக் குறைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் என்று ஆபத்தாகலாம். வீட்டில் மீதமிருக்கும் பட்டைகளை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மாதமாகப் போட்டீர்கள் என்று கூசாமல் சொல்லுங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் எழுதித் தருவார். முகவரி, கம்பெனிப் பெயர் எதுவும் இல்லாமல் மூட்டு வலிக்கென்று விற்கிற சூரணங்களிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. அவற்றையும் தொட வேண்டாம்.

எங்கே போவது? மூட்டு வாத நோய்களுக்கென்று படித்த ருமட்டாலஜி மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றுக்குப் போய்ப் பொது மருத்துவப் பிரிவில் சொன்னால், அங்கே பார்ப்பார்கள் அல்லது இதற்கான பிரிவு இருக்கும் இடத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். முடிந்தவரை காலையில், விரல் இறுகியிருக்கும் நேரத்திலேயே காட்டுங்கள். விரல் கணுக்களைக் குறுக்காகச் சேர்த்து அழுத்திப் பார்ப்பார்கள். சவ்வில் வீக்கம் இருந்தால் அந்த அழுத்தமே காட்டிக் கொடுக்கும்.

உங்கள் ரத்தம் நார்மல் என்றார்கள் என்கிறீர்கள். பார்த்தது முடக்குவாதத்துக்கென்று செய்கிற ஆர்.ஏ. ஃபேக்டர் பரிசோதனை மட்டுமாக இருக்கும் என்று நினைக்கிறேன். முடக்குவாதம் நிச்சயமாக உள்ளவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்காவது அது 'இல்லை' என்றுதான் வரும். சிக்குன்குனியாவுக்குப் பின் வரும் மூட்டழற்சியிலும் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் வரும். ஆகவே அந்தக் காகிதத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அழற்சியின் அளவைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முடக்குவாதத்தைக் காட்டும் ஆன்ட்டி-சி.சி.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்கச் சொல்வார்கள். ஆன்ட்டி-சி.சி.பி. முக்கியம், ஏனென்றால் சிலருக்கு இந்தக் காய்ச்சலை அடுத்து உண்மையான முடக்குவாதமே தலைதூக்குவதுண்டு. கையிலும் மணிக்கட்டிலும் அல்ட்ராசவுண்ட் செய்தால், சவ்வு தடித்திருக்கிறதா, அங்கே ரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா என்று நேராகவே தெரியும். நீங்கள் எதையாவது கேட்டு வாங்க வேண்டுமென்றால் இதைக் கேளுங்கள்.

அழற்சி இருக்கிறது என்று தெரிந்தால், மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையைத் தொடங்கலாம். எதிர்ப்பு செல்களின் வேகத்தைக் குறைக்கிற மருந்து அது. சிக்குன்குனியா மூட்டழற்சியில் பெரிய ஆய்வுகள் குறைவு என்றாலும், முடக்குவாதத்தில் பல பத்தாண்டு அனுபவம் உள்ள மருந்து, என் கையில் பலருக்கும் நன்றாக வேலை செய்திருக்கிறது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும். ஹைட்ராக்சி குளோரோகுயினையும் சிலர் தருகிறார்கள். அதே குடும்பத்துக் குளோரோகுயினை வைத்து இந்தியாவில் நடந்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், அது சாதாரண வலி மாத்திரையான மெலாக்சிகாமைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. அதை மட்டும் நம்பி மாதங்களைக் கடத்த நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அழற்சி அடங்கிவிட்டது, நரம்புதான் சேதியைப் பெரிதாக்குகிறது என்று தெரிந்தால் மருந்து வேறு. டுலாக்சிடின் அல்லது குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதுவார்கள். மருந்துக் கடையில் அதை மனநோய் மாத்திரை என்று யாராவது சொல்லலாம். மனச்சோர்வுக்கும் அவற்றைக் கொடுப்பதுண்டு, உண்மைதான். இங்கே கொடுப்பது மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலிச் சேதியை அடக்கும் நரம்புகளுக்குத் தெம்பூட்ட. அதைக் கேட்டுவிட்டு வீட்டில் "பார், நான் சொன்னேனே" என்று தொடங்கினால், இந்தப் பக்கத்தை மறுபடி காட்டுங்கள்.

வேலையை விட வேண்டாம். எழுந்ததும் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைத்து, நீருக்குள்ளேயே விரல்களை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். அவசரப் பூவை விடிகாலையில் கட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள், கை தளர்ந்த பிறகு உட்காருங்கள். அரை மணிக்கு ஒருமுறை நாரைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறிவிடுங்கள். தினமும் வலி பொறுக்கிற அளவுக்கு நடங்கள். ஒழுங்காக உடம்பை அசைக்கும்போது தசையிலுள்ள மேக்ரோஃபேஜ்கள் அமைதிப்படுத்தும் பக்கம் சாய்கின்றன என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். உழைக்கும் தசை ரத்தத்தில் இன்டர்லூகின்-10-ஐக் கூட்டுவதை மனிதர்களில் அளந்தே இருக்கிறார்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் அழற்சியும் வலியும் கூடும், அதனால் தூக்கம் வரவில்லையென்றால் அதையும் மருத்துவரிடம் ஒரு நோயாகவே சொல்லுங்கள். மறுபடி சிக்குன்குனியா வந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வருவது மிக அரிது. டெங்கு வரலாம், ஆகவே தொட்டியை மூடித்தான் வைக்க வேண்டும். புதிதாகக் காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். டைக்ளோஃபினாக் வகைகள் அப்போது ரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து கொதித்து, கூடவே காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கண் சிவந்து வலித்தாலோ, கை கால் மரத்துப் போனாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ தள்ளிப்போடாதீர்கள்.

மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தால் இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினசரி மாத்திரை என்று நினைத்துத் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் போட ஃபோலிக் அமிலம் தருவார்கள், இரண்டும் பார்க்க மஞ்சளாக ஒன்றுபோலவே இருக்கலாம், தனித்தனி டப்பாவில் வையுங்கள். மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லையென்றால் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டா என்பதையும் அவரிடம் பேசிவிடுங்கள், கர்ப்பத்தில் இது கூடவே கூடாது. தொடங்குவதற்கு முன் கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள், ஹெபடைடிஸ் பி, சி, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பார்கள். தொடங்கிய பிறகு முதல் சில மாதங்கள் நாலு வாரத்துக்கு ஒருமுறையாவது ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். வலி குறைந்துவிட்டதே என்று அந்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.